பத்துக்கு நாலு என்று சொன்ன அக்காவுக்கு

அக்கா,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் உனக்கு இடம் பிடித்து வைத்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது. பெரும்பாக்கத்தில் வண்டி வந்து நின்றதும் முண்டியடித்து ஏறினேன். முன்னால் குறுக்குக் கம்பி இருக்குமே, அந்த சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் பையைத் தூக்கிப் போட்டேன். பைக்குள் உன் தலைகாணி. பஞ்சு கட்டிகட்டியாகப் போய்விட்டது, கடையில் வேலை இல்லாத நேரத்தில் பிரித்துத் தட்டிப் போடலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

ஒரு காலேஜ் பெண் வந்து நின்றது. முதுகில் பெரிய மூட்டை. "ஆன்ட்டி, பைய எடுத்துக்கிறீங்களா?" என்றது.

"ஆள் வருதும்மா" என்றேன்.

அடுத்தடுத்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. நின்றுகொண்டிருந்த ஒருத்தி, "சீட்டு இன்னா உங்க அப்பன் ஊட்டு சொத்தா?" என்றாள். நான் விடுவேனா? "ஆமா, பத்திரம் ஊட்டுல கீது, நாளைக்கு எடுத்தாந்து காட்றேன்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். திருவான்மியூர் தாண்டியது. அடையாறு டிப்போ வந்தது. அந்தப் பெண் குனிந்து, மெதுவாக, மரியாதையாகக் கேட்டது: "அவங்க எந்த ஸ்டாப்புல ஏறுவாங்க ஆன்ட்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எறங்கிட்டாங்க கண்ணு. நீ ஒக்காரு" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்து, காதில் ஒயரைச் சொருகிக்கொண்டது. பையிலிருந்து உன் வாசனை வந்தது. தைலம், மிஷின் எண்ணெய், அப்புறம் எத்தனை துவைத்தாலும் போகாத வெற்றிலை. தி.நகர் வரைக்கும் அதையே மோந்துகொண்டு வந்தேன்.

அந்தக் கம்பி சீட்டுக்கு நீ ஏன் அவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. கம்பி மேல் இரண்டு கையையும் மடித்து வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்து, வயிற்றை ஒடுக்கிக்கொண்டு வருவாய். தூக்கம் என்று நினைத்தேன். "ராத்திரி இன்னா காவல் வேலைக்குப் போறியா? ஏறின ஒடனே கவுந்துக்கிற" என்று கேட்பேன். நீ தலையைத் தூக்காமலே சிரிப்பாய். முதுகு குலுங்கும். அதிலிருந்துதான் நீ சிரிக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

ஆற்றங்கரையில் நம் குடிசைகளைக் காலி பண்ணி, அத்தனை தூரத்தில் அடுக்குமாடி வீட்டைக் கொடுத்தபோது, நீ தரைத்தளம், நான் உனக்கு மேலே. வீடு மாறினாலும் வேலை மாறவில்லை. தி.நகரில் அந்தப் புடவைக் கடையின் மாடிப்படிக்குக் கீழே, அதே இரண்டு மிஷின், அதே இரண்டு ஸ்டூல். புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிறது, ஓரம் அடிக்கிறது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறது. மேலே கடையில் புடவை எடுத்தவர்கள் நேராகக் கீழே நம்மிடம் வருவார்கள். ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

நம் வேலையே குனிந்து செய்கிற வேலை. அதுதான் கெடுத்தது, அக்கா. வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும், ஒரு பொம்பளை நாளெல்லாம் மடங்கிக் கிடக்கிறாளே என்று யாராவது கேட்டிருப்பார்கள். பூ விற்பவளாக இருந்தால் கேட்டிருப்பார்கள். ஜவுளிக்கடையில் நின்று புடவை காட்டுகிறவளாக இருந்தால் முதலாளியாவது கேட்டிருப்பார். ஃபால்ஸ் வைக்கிறவள் மடங்கித்தானே இருப்பாள்? நீ மிஷின் மேல் கவிழ்ந்திருப்பதைப் பார்த்து வாடிக்கைக்காரிகளுக்கு உன் மேல் தனி மரியாதை. "இந்தம்மாகிட்ட குடு, தலைய தூக்காம வேலை செய்வாங்க" என்பார்கள். என்னிடம் வந்த புடவை கூட உன்னிடம் போய்விடும். நான் வாய் ஓயாமல் பேசுகிறேனாம்.

"மிஷின்கிட்ட இன்னா ரகசியம் பேசுற? எனக்கும் சொல்லேன்" என்று உன் முதுகைத் தட்டுவேன்.

"உன்னப் பத்திதாம்மே பேசிக்கினு கீறோம்" என்பாய்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அந்த ரகசியம் நீளும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கொஞ்ச நாளில் நீ சாப்பாட்டையே என் பக்கம் தள்ள ஆரம்பித்தாய். வஞ்சிர மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, கத்திரிக்காய் வறுவல். "எனக்கு வாணாம்மே, வவுறு ரொம்பி கீது" என்பாய். காலையில் ஒரு டீ குடித்த வயிறு எப்படி நிரம்பும் என்று நான் கேட்கவில்லை. உன் கைக்குழம்பு அப்படி. ரெண்டு பேர் சோற்றை ஒருத்தியே தின்று நான் பெருத்துக்கொண்டே போனேன். நீ இளைத்துக்கொண்டே போனாய். உன் ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்துக் கொடுத்ததே நான்தான். ஒரு வரிசை பிடித்து, அதற்குள் இன்னொரு வரிசை, அதற்கும் உள்ளே இன்னொன்று. "யாருக்குக்கா இந்த ஒல்லி? மாப்ள பாக்க வர்றானா?" என்று கேட்டுக்கொண்டே ஊசி ஓட்டினேன்.

சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்துதான் நீ பட்டினி கிடந்தாய். இதை நீயாக என்னிடம் சொன்னதே இல்லை. டாக்டரிடம் சொன்னபோது பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டேன்.

அதுவரைக்கும் எல்லாம் கேஸ் என்றுதானே நினைத்தோம். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். எதிர்க்கடையிலிருந்து சோடா வாங்கி உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு ஏப்பம் வந்தால் ஏதோ குழந்தை பிறந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். நீ வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து அடக்கிக்கொள்வாய். "இது இருந்தா கொஞ்சம் மரத்துப் போவுதும்மே" என்பாய். அதுவும் அந்த வியாதிக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலைதான் என்று பின்னால்தானே தெரிந்தது.

ஆடித் தள்ளுபடி நேரம். படிக்கட்டில் இடமில்லாத கூட்டம். ஒரு பட்டுப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து தரையில் சுருண்டுவிட்டாய். முதுகுக்குள் யாரோ கம்பியைக் காய்ச்சிச் சொருகுகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். போகும்போது கூட, "அந்தப் பொடவ பாதில கீதும்மே" என்றாய்.

ஸ்கேன் பார்த்துவிட்டுக் கணையத்தில் கல் என்றார்கள். வயிற்றுக்குப் பின்னால் அப்படி ஒரு சாமான் இருப்பதே நமக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது வெகுநாளாக வெந்து வெந்து சுருங்கிப் போயிருக்கிறது என்றார்கள். அப்புறம் வந்த ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "குடிப்பீங்களா?"

முதல் தடவை இல்லை என்றாய். இரண்டாவது தடவையும் இல்லை என்றாய். அப்புறமும் ஒருவர் வந்து கேட்டபோது, "எங்க ஊட்டுக்காரரு குடிச்சது எனக்கு வந்திருக்குமா டாக்டர்? செத்துப்போயி ரொம்ப நாளாச்சி, இருந்தாலும் கேக்குறேன்" என்றாய். அந்த டாக்டர் சிரித்துவிட்டார். குடிக்காதவர்களுக்கும் இது வரும், சிலருக்கு ஏன் வருகிறதென்றே தெரியாது என்று விளக்கமாகச் சொன்னார். ஆனால் வார்டில் அதற்குள் பரவிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரியின் சொந்தக்காரர்கள் உன்னை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வலியை விட அது உனக்குப் பெரிதாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் அந்த நாலு.

வலிக்கென்று தனியாகப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பினார்கள். வெளியே நீளமான வரிசை. உள்ளே இருந்தவர் ஒரு அட்டையைக் காட்டினார். அதில் சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம் வரைக்கும் வரிசையாகப் படம். "பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு எவ்ளோ?" என்றார்.

நீ அந்த அட்டையைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பாண்டிபஜார் நடைபாதையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்து, பிடிக்காத மாதிரி திருப்பி வைப்பாயே, அதே பார்வை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு" என்றாய்.

எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். வெளியே வந்தோம்.

"இன்னாக்கா, நாலுன்ட்ட? நேத்து சாயங்காலம் சுருண்டு கெடந்தியே."

"நீ ஒரு லூசும்மே. எடுத்த எடுப்புல பத்துன்னு சொல்லிட்டா அப்பறம் எங்க போறது? நாளைக்கு இதுக்கு மேல வந்துச்சின்னா? பதினொண்ணு கீதா அவர்கிட்ட?"

"அதுவும் சரிதான்."

"இன்னொண்ணு. நெறைய சொன்னா வவுத்த கீறணும்னுவாங்க. கொஞ்சமா சொன்னாத்தான் மாத்திரையோட வுடுவாங்க."

ஊசி நூல் வாங்குவதிலிருந்து ஆட்டோ ஏறுவது வரைக்கும் முதல் எண்ணைக் குறைத்துச் சொல்லித்தானே நாம் பிழைத்தோம். பாதிக்குக் கீழே ஆரம்பி, அவன் ஏறி வரட்டும், நாம் இறங்கக் கூடாது. டாக்டரிடமும் நீ அதையே செய்தாய். நான் "கெட்டிக்காரிக்கா நீ" என்று உன் தோளில் தட்டினேன். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாந்தோம் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கடையில் குறைத்துக் கேட்டால் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

அந்த நாலு உன்னோடே வந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் நாலு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மருந்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அதே சின்ன மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்கள். நீ மிஷின் மேலேயே கிடந்தாய். உனக்கென்று வெட்டுத்துணியில் இந்தத் தலைகாணியைத் தைத்துக்கொண்டாய். ஃபால்ஸ் துணியில் மிஞ்சுகிற துண்டுகள்தானே, ஊதா, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஒட்டுப் போட்டு. வயிற்றுக்கும் மிஷினுக்கும் நடுவே அதை வைத்து அழுத்திக்கொண்டு தைப்பாய். "புள்ளத்தாச்சி மாரி கீற" என்பேன். "ஆமா, உனக்குத்தான் பேரு வெக்கப் போறேன்" என்பாய்.

ஒரே ஒரு நாள் மட்டும் நீ நிஜத்தைச் சொன்னாய். மழை பெய்து பஸ் நகராமல் நின்றபோது, கம்பியில் சாய்ந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "எனக்குப் பெரிய ஆசல்லாம் இல்லம்மே. ஒரு நாளு மல்லாந்து படுத்து தூங்கணும். கைகாலு நீட்டி, நேரா. அவ்ளோதான்."

மல்லாந்தால் வலி முதுகில் போய்க் குத்தும். அதனால் எத்தனை வருஷமாகவோ நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தே தூங்கியிருக்கிறாய். உன் தலைக்கு மேல் தளத்தில் நான் கை காலைப் பரப்பிக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறேன்.

அந்த இடத்துக்கு ஒரு புது டாக்டரம்மா வந்ததுதான் நமக்கு நடந்த நல்லது. அவரும் அட்டையை எடுத்தார். நீ வாயைத் திறந்து நாலு என்றாய். அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். நாற்காலியின் நுனியில், முன்னால் மடங்கி, தலைகாணியை வயிற்றில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"நம்பர வுடுங்க. மல்லாந்து படுக்க முடியுதாம்மா?" என்றார்.

நீ தலைகாணியை இன்னும் இறுக்கிக்கொண்டாய்.

"பஸ்ல கம்பிய புடிச்சி நின்னுட்டு வர முடியுதா?"

இல்லையென்று தலையாட்டினாய்.

"கடைசியா எப்ப வயிறு ரொம்ப சாப்ட்டீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அவ சோத்த நான்தான் டாக்டர் துன்னுக்கினு கீறேன். என் ஒடம்ப பாருங்க, தெரியும்" என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நானும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. நீ தலைகாணியில் முகத்தை வைத்து அழுதாய். அவ்வளவு வருஷத்தில் உன் அழுகையை நான் பார்த்தது அப்போதுதான்.

அன்றைக்கு அவர் நிதானமாக உட்கார்ந்து சொன்னது ஒன்றையும் நான் மறக்கவில்லை. "வலிய பூரா எடுத்துடுவேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க தூங்கணும், சாப்பிடணும், வேலைக்குப் போகணும். அது வரைக்கும் எறக்கப் பாக்கலாம்" என்றார். அப்புறம் ஒவ்வொரு மருந்தாக எடுத்து, எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அதில் பெரிய கேப்ஸ்யூல் ஒன்று, அதையும் மற்ற மாத்திரைகளைப் போலவே சோறு தின்று, கை கழுவி, கொஞ்ச நேரம் கழித்து முழுங்கிக்கொண்டிருந்தாய். அதுவும் ராத்திரி மட்டும். "அது வலி மாத்திரை இல்லம்மா. உங்க கணையத்துல சுரக்க வேண்டிய சாறு அது. சோத்தோட போனாத்தான் சோத்த செரிக்க வெக்கும். மொதல் வாயோட ஒண்ணு, நடுவுல ஒண்ணு" என்றார்.

"பொடவைய கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போனப்பறம் ஃபால்ஸ் வெச்ச கதைதான்" என்றாய், மூக்கைச் சிந்திக்கொண்டே. அதற்கு டாக்டரம்மா சிரித்தார்.

புகையிலையை விட வேண்டும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடச் சொன்னார். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கிற டாக்டரிடம் அனுப்பினார். எடுக்க முடிந்த கல்லை எடுத்தார்கள். வயிற்றைக் கீறவில்லை. நீ அவ்வளவு நாள் பயந்தது வீண். பலமான வலி மாத்திரை ஒன்றும் கொடுத்தார்கள். அதை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டாய். "அத துன்னா அடிமையாய்டுவன்றாங்கம்மே" என்று நம் பிளாக்கில் எவளோ சொன்னதை நம்பினாய். வலி உச்சிக்கு ஏறினபின் எடுத்துப் போடுவாய், அது ஒன்றும் செய்யாது. அதற்கும் டாக்டரம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்கிற நேரத்துக்கு, சொல்கிற அளவு மட்டும் போடுங்கள், ஏறிப் போன வலியைத் துரத்துவதை விட ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம், அளவை நான் கவனித்துக்கொள்கிறேன் என்றார். மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் ஒரு மருந்து கொடுத்தார். அது வேலை செய்த அன்றைக்கு நீ மூன்று தரம் கடையின் மாடிக்கு ஓடினதும், நான் கீழே நின்று கை தட்டினதும் இங்கே வேண்டாம்.

ராத்திரிக்கு ஒரு குட்டி மாத்திரை. அதை வாங்கப் போன மருந்துக்கடையில் நின்ற ஒருத்தர், இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே என்று சொல்லிவிட்டார். நீ இடிந்து போனாய். "கடசில என்னப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டாய். மறுபடி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டோம். பெரிய அளவில் அதற்கு, சின்ன அளவில் நரம்புக்கு என்றார். வெகுநாள் வலித்தால் நரம்பு வலிக்கவே பழகிக்கொள்ளுமாம், காரணமே இல்லாமல் கூட கத்துமாம், அதை அடக்குவதற்காம். "அப்ப இவளுக்கும் ஒண்ணு குடுங்க டாக்டர், காரணமே இல்லாம கத்துவா" என்று என்னைக் காட்டினாய். அன்றைக்குத்தான் நீ திரும்பி வந்துவிட்டாய் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்து வந்த மாதங்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது, அக்கா. எவ்வளவு நன்றாக இருந்தது, எவ்வளவு முன்னாலேயே இருந்திருக்கலாம். வலி போய்விடவில்லை. ஆனால் நீ சாப்பிட்டாய். என் ரெண்டாவது சோறு நின்று போனது. "என் வாயில மண்ணப் போட்டுட்டியே" என்று புலம்புவேன். நீ முதல் வாயோடு கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே மென்று தின்பாய். உன் ஜாக்கெட்டில் உள்வரிசைத் தையலை நானே பிரித்துவிட்டேன். அந்தத் தையலைப் பிரித்ததுபோல எந்தத் தையலையும் சந்தோஷமாகப் பிரித்ததில்லை.

நமக்குள் ஒரு வழக்கம் வந்தது. காலையில் பஸ் ஏறினதும் நான் கேட்பேன், நீ விரலைக் காட்டுவாய். டாக்டரிடம் சொல்கிற எண் இல்லை, நிஜ எண். இரண்டு விரல் என்றால் நான் கிண்டலடிக்கலாம். ஒரு கை முழுக்க விரித்தால் வாயை மூட வேண்டும். அதற்கு மேல் என்றால் அடையாறில் இறங்கித் திரும்பிவிட வேண்டும். மூன்று விரல் காட்டிய ஒரு நாள், கடைக்கு லீவு இல்லாவிட்டாலும் லீவு போட்டுவிட்டு, அடையாறிலேயே இறங்கி பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். காலை வெயில், மணல் இன்னும் சுடவில்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு, தலைகாணியைத் தலைக்கு வைத்து, மெதுவாக, ஏதோ கண்ணாடிச் சாமானை இறக்கி வைக்கிற மாதிரி, மல்லாந்து படுத்தாய். காலை நீட்டினாய். கையைப் பரப்பினாய்.

"இன்னாக்கா, எத்தன?" என்றேன்.

"பேசாத இரு" என்றாய். அப்படியே தூங்கிவிட்டாய். காக்கா உன் செருப்பைக் கொத்தியது. உன் முகத்தில் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கை கடுத்தது. ஆனாலும் பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் உனக்குச் சர்க்கரையும் வந்தது. கணையம் கெட்டால் அதுவும் வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டாய். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. வலியை அத்தனை பேர் சேர்ந்து இறக்கி வைத்தோம். உன்னைக் கொண்டு போனது வேறு ஒன்று. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாய். எத்தனை என்று கேட்டேன். ஒரு விரலைக் காட்டினாய். பேரம் பேசுகிறாயோ என்று உன் கண்ணைப் பார்த்தேன். இல்லை, நிஜம்தான். அந்த ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினார்கள். நேராக, மல்லாந்து. எனக்கு என்ன ஆனதோ. "ஒருக்களிச்சிப் படுக்க வெய்ங்க, முதுவுல குத்தும் அவளுக்கு" என்று சொல்லிவிட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். உன் தங்கச்சிதான் என் கையைப் பிடித்து, "இனிமே குத்தாதுக்கா" என்றாள். அப்புறம் இந்தத் தலைகாணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

உன் நாலை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உன் ஸ்டூலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. படிக்கட்டுப் பக்கம் பூ விற்கிற அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், எவ்வளவு வலி என்று நான் கேட்பதில்லை. எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். "குனிஞ்சி கூடைய தூக்க முடியுதா? ராத்திரி எப்படிப் படுக்கிற?" என்று கேட்கிறேன். அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் கேட்டால் பேரம் பேசாதே என்று வரிசையில் நிற்கும்போதே மிரட்டி வைத்தேன். என்னை அவளுடைய மாமியார் என்று நினைத்தார்கள்.

இன்றைக்கு மத்தியானம் பஞ்சைப் பிரிக்க நேரமில்லை. ஒரு பட்டுப் புடவை வந்தது. பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம், சீக்கிரம் வேண்டுமாம். ஃபால்ஸ் கைத்தையல்தானே, மடியில் போட்டுத் தைக்க வேண்டும். உன் தலைகாணி மடியில் இருந்தது. அதை எடுக்க மனமில்லாமல், அதன் மேலேயே புடவையைப் போட்டுக்கொண்டு, குனிந்து, தலையைத் தூக்காமல், உன்னை மாதிரியே தைத்தேன். வாயையும் திறக்கவில்லை. புடவை கொண்டு வந்த அம்மா பக்கத்தில் நின்றவளிடம், "பாரு, எவ்ளோ கவனமா செய்றாங்க" என்றது காதில் விழுந்தது.

முடித்து, நூலைக் கடித்து, எழுந்து, புடவையை நீட்டினேன். தலைகாணியும் கூடவே வந்தது. கரையோரத்தில் ஒரு முழம் நீளத்துக்கு ரெண்டையும் சேர்த்துத் தைத்திருந்தேன். தையல் நெருக்கமாக, நல்ல சீராக இருந்தது.

அந்த அம்மா ஊதாவும் கிளிப்பச்சையுமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இது ஃப்ரீயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, அக்காவோடது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பிரித்தேன்.